நேரடித் தளங்களை வைத்துச் சோதிப்பது பற்றி

வணக்கம். சிஎஸ்எஸ் (இணையப் பக்கங்களின் தோற்றத்தை வரையறுக்கும் மொழி) கோப்புகளைப் படிக்கும் உங்கள் லைப்ரரியின் ஒருங்கிணைப்புச் சோதனை, இணையத்தில் இயங்கிக்கொண்டிருக்கும் நேரடித் தளங்களிலிருந்து கோப்புகளை இறக்கி ஓடுவதால், நிரலில் எதையும் மாற்றாத நாளிலும் தோற்றுப்போகிறது என்று எழுதியிருந்தீர்கள். இணைப்பு அறுந்ததால் வந்த தோல்வியையும் பார்சர் (கோப்பைப் படித்துப் பகுக்கும் பகுதி) தவறியதால் வந்த தோல்வியையும் முதலில் பிரித்துவிடுங்கள். ‘பக்கம் கிடைக்கவில்லை’ எனும் 404 என்ற பதிலோடு வரும் எச்டிஎம்எல் பக்கத்தைச் சிஎஸ்எஸ் என்று நம்பிப் படித்தால் எந்த லைப்ரரியும் தடுமாறத்தான் செய்யும்.

பிறகு, படித்த கோப்பை எந்த மாற்றமும் செய்யாமல் திரும்ப எழுதி, மூலத்தோடு பைட் பைட்டாக ஒப்பிடுங்கள். பழைய இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்காகப் பண்பின் பெயருக்கு முன்னால் நட்சத்திரக் குறி வைத்த வரிகளும், கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கும், எழுத்துக் குறியாக்கத்தைக் காட்டும் பிஓஎம் குறியும் அப்போதுதான் அகப்படும். மூடாமல் விட்ட அடைப்புக்குறியைக் கோப்பு முடியும் இடத்தில் பிரவுசர்கள் தாமே மூடிக்கொள்கின்றன. உங்கள் லைப்ரரி அங்கே பிழை காட்டுவதையே நான் விரும்புவேன்.

தோல்வி தந்த கோப்பை அப்போதே சேமித்து, ஒவ்வொரு கமிட்டுக்கும் (நிரல் மாற்றத்தைப் பதிவு செய்யும்போதெல்லாம்) அந்தப் பிரதியையே ஓட்டுங்கள்; நேரடித் தளங்களை இரவில் ஒருமுறை தொட்டால் போதும்.