உளவுப் படத்தின் திரைகளை வடிவமைக்க விரும்பும் மகள்: ஒரு பெற்றோருக்குப் பதில்

சிங்கப்பூரில் உயர்நிலை நான்கில் பயிலும் உங்கள் மகள் உளவுப் படங்களில் வரும் கணினித் திரைகளை வடிவமைக்க விரும்புகிறாள் என்பதையும், பல்கலைக்கழகத்துக்கு முந்திய தொடக்கக் கல்லூரிக்குப் போய் மருத்துவமோ சட்டமோ படிக்காவிட்டால் எதிர்காலமே இல்லை என்று அவளுடைய பெரியப்பா வற்புறுத்துவதையும் எழுதியிருந்தீர்கள். உங்கள் கவலை இயல்பானதே. ஆனால் பெரியப்பாவின் கருத்தை என்னால் ஏற்க இயலாது. உயிரியலில் நாட்டமே இல்லாத பிள்ளையை, உறவினர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்வதற்காக மருத்துவப் போட்டியில் தள்ளுவது அநீதி. அந்த வழிகள் உங்களுக்குத் தெரிந்தவையே. அவள் கேட்கும் வழியைப் பற்றி எழுதுகிறேன்.

உளவாளி விசையைத் தட்டியதும் வரைபடம் விரிந்து ஒருவரின் முகம் தோன்றுகிறதே, அதற்குப் பின்னால் பெரும்பாலும் உண்மையான மென்பொருள் எதுவும் இல்லை. இரண்டு மூன்று நொடிகளே நீடிக்கும் அக்காட்சியில் பார்வையாளரின் கண் எங்கே போக வேண்டும் என்பதை எழுத்தின் அளவாலும் நிறத்தாலும் அசைவாலும் தீர்மானிப்பவர் வடிவமைப்பாளர். படப்பிடிப்புத் தளத்திலேயே திரை ஓடுமானால், நடிகர் எந்த விசையைத் தட்டினாலும் அடுத்த கட்டம் சரியாக வரவேண்டும். இயக்குநர் மறுபடியும் எடுக்கச் சொன்னால் உடனே தொடக்கத்துக்குத் திரும்ப வேண்டும். திரைப்படம் வழக்கமாக நொடிக்கு 24 ஃபிரேம்களாகப் பதிவாவதால், திரையின் வேகம் அதனோடு பொருந்தாவிட்டால் பட்டைகளோ மினுக்கமோ தெரியக்கூடும். அதையும் முன்பே சோதித்தாக வேண்டும். பச்சைத் திரையை வைத்துப் படமெடுத்து, வரைகலையைப் பிறகு பொருத்துவதும் உண்டு. அப்போது திரையின் உண்மையான ஒளி நடிகரின் முகத்தில் விழாது. பார்த்து நடிப்பதற்கும் அவருக்கு எதுவும் இருக்காது. இத்தனை நுட்பமும் கதையறிவும் கோரும் தொழிலைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்காதீர்கள்.

திரைப்படத்தை மட்டும் நம்பி அவள் இறங்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். அமெரிக்கத் திரைப்பட நிறுவனமான லூகாஸ்ஃபிலிமின் சிங்கப்பூர்க் கலையகம் மூடப்படும் என்று 2023இல் அறிவிக்கப்பட்டது. முந்நூறுக்கும் மேற்பட்டோரின் வேலை அதனால் பாதிக்கப்பட்டது. ஆனால் இதே திறன் வங்கிச் செயலிகளுக்கும் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறைகளுக்கும் மருத்துவமனைத் திரைகளுக்கும் தேவைப்படுகிறது. 2002இல் வெளிவந்த 'மைனாரிட்டி ரிப்போர்ட்' படத்தின் கையசைவுத் திரைகளுக்கு ஆலோசனை வழங்கிய ஜான் அண்டர்காஃப்ளர், பின்னர் அத்தகைய திரைகளை உண்மையாகவே உருவாக்கும் நிறுவனத்தைத் தொடங்கினார்.

லண்டனுக்கு அனுப்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போது வேண்டவே வேண்டாம். இங்குள்ள நன்யாங், தெமாசெக் முதலிய பலதுறைத் தொழிற்கல்லூரிகளின் வடிவமைப்புப் பிரிவுகளில் மூன்றாண்டுகளில் பட்டயம் பெறலாம். குடிமக்களுக்குக் கட்டணத்தில் மானியம் உண்டு, மேற்படிப்புக்கான அரசுக் கணக்கான உயர்நிலைக்குப் பிந்திய கல்விக் கணக்கையும் பயன்படுத்தலாம். ஓய்வுக்காலச் சேமிப்பைத் தொடும்படி யார் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். பயிற்சிக்கான பிளெண்டர் என்ற வரைகலை மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது.

தேர்வு முடிவுக்கு முன்பே இக்கல்லூரிகளில் நிபந்தனையோடு இடம் தரும் முன்கூட்டிய சேர்க்கைத் திட்டத்தில் மதிப்பெண்ணோடு ஆர்வத்தையும் படைப்புத் தொகுப்பையும் பார்க்கிறார்கள். விண்ணப்பம் ஆண்டின் நடுப்பகுதியில் தொடங்கும். அதற்குள் ஒரு துரத்தல் காட்சிக்கு வேண்டிய திரைகளைச் செய்து, ஒவ்வொன்றும் கதையில் எதைச் சொல்கிறது என்பதையும் எழுதிவைக்கச் சொல்லுங்கள். தானாகவே அமர்ந்து அதை முடிப்பாளா என்று கவனியுங்கள். முடித்தால், பெரியப்பாவிடம் பேச நானும் உடன் வருகிறேன்.