ஷோகேஸுக்குள் வைத்த ஸ்பீக்கர்: மாற்ற வேண்டியது எது?

ஸ்பீக்கரை விற்காதீர்கள். முதலில் இடத்தை மாற்றிப் பாருங்கள். பார்க்க அழகாக இருக்கட்டும் என்று ஷோகேஸ் தட்டுக்குள் வைத்ததிலிருந்து பாஸ் (கனமான அடி ஒலி) குமுறுகிறது, பாட்டில் குரல் அமுங்குகிறது, பேசாமல் டிவிக்குக் கீழே வைக்கும் ஒற்றை நீளப் பெட்டியான மெலிசான சவுண்ட்பாருக்கு மாறிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பின்பக்கம் வட்டத் துளை இருப்பதாகச் சொன்னீர்களே, அதுதான் காரணமாக இருக்கும். பாஸின் ஒரு பகுதி அந்தத் துளை வழியாகத்தான் வெளியே வருகிறது. பாஸ் வகையான 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 3.4 மீட்டர். அது முன்னால் மட்டும் போகாது, பெட்டியைச் சுற்றி எல்லாப் பக்கமும் பரவும். சுற்றிலும் பலகையும் சுவரும் இருந்தால் பட்டுத் திரும்பித் தடித்துப்போகும், குரலையும் மூடிவிடும்.

இன்றைக்கே இரண்டு உறுதியான ஸ்டூல்களில், சுவரிலிருந்து 30 செ.மீ. தள்ளி, ட்வீட்டர் (கூர்மையான ஒலி தரும் சிறிய வட்டம்) காது உயரத்துக்கு வரும்படி வைத்து, அதே பாட்டை அதே ஒலியளவில் கேளுங்கள். குரல் தெளிந்துவிட்டால் ஸ்டாண்ட் வாங்கினால் போதும்.

வரவேற்பறை வீட்டில் எல்லோருக்கும் பொது, அதனால் ஷோகேஸ்தான் என்று முடிவானால் அதுவும் சரி. ஸ்பீக்கரின் முகம் தட்டின் விளிம்போடு நிற்கும்படி முன்னே இழுத்து, துளையில் ஸ்பாஞ்ச் அடையுங்கள், உள்ளே விழுந்துவிடாமல். பாஸ் கொஞ்சம் குறையும், ஆனால் குமுறல் அடங்கும். இரண்டு ஸ்பீக்கர்கள் தள்ளித் தள்ளி நிற்பதால் இடது வலது ஒலிகளுக்கு இடையே வரும் அகலம் சவுண்ட்பாரில் கிடைப்பது கடினம். நீங்கள் பாட்டுக் கேட்கிறவர், அதை இழக்க வேண்டாம்.

ஒன்று மட்டும்: ஸ்டூலில் வைத்தும் மாற்றமில்லை என்றால் இது பொருந்தாது. அப்போது குரல் டைல்ஸ் தரையிலும் கண்ணாடி ஜன்னலிலும் பட்டு எதிரொலிக்கிறதா என்று பாருங்கள். தடித்த திரையும் ஒரு கார்பெட்டும் போட்டபின் மறுபடி கேட்டுவிட்டு எழுதுங்கள்.