ஸ்டேஷன் எண் ஒன்று, கோர்ட் எண் ஒன்று: வழக்குக் கட்டைத் தேடுவோருக்குக் கேள்வி பதில்

தாலுகா ஊர்களில் இருக்கும் குற்றவியல் நடுவர் நீதிமன்றங்களில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பாதிக் காலம் நகல் பிரிவு, மீதி பதிவறை. எஃப்.ஐ.ஆர்., குற்றப்பத்திரிகை, தீர்ப்பு நகல் இதையெல்லாம் எங்கே, யாரிடம் கேட்பது என்று கிராமங்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே வழக்குக்கு ஸ்டேஷனில் ஒரு எண், கோர்ட்டில் வேறு எண். இது தெரியாமல் வெயிலில் அலைந்தவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

ஐயா, 2012இல் வரப்புத் தகராறில் என் அப்பா மேல் அடிதடி கேஸ் போட்டார்கள். இரண்டு மூன்று வாய்தாவுக்குப் போனார். அப்புறம் யாரும் கூப்பிடவில்லை. இப்போது அவருக்கு 70 வயது. கேஸ் முடிந்ததா என்றே தெரியவில்லை, கையில் ஒரு தாளும் இல்லை. அன்று எங்கள் ஊர் விழுப்புரம் மாவட்டம், இன்று கள்ளக்குறிச்சி.

தம்பி, முதலில் அப்பாவைத் தனியாக ஸ்டேஷனுக்கு அனுப்பாதீர்கள். வாய்தாவுக்குப் போகாமல் விட்ட கேஸ் தானாக முடிந்துவிடாது. பிடிவாரண்டு போட்டு, ஆள் கிடைக்கவில்லை என்று நீண்டகால நிலுவையில் வைத்திருப்பார்கள். அப்படி இருந்தால் வக்கீல் வைத்து, வாரண்டை ரத்து செய்யும் மனுவோடு அவர் கோர்ட்டில் ஆஜராவதுதான் நல்லது. எழுபது வயது, உடம்பு நிலை, கூப்பிடாததால் முடிந்துவிட்டது என்று நினைத்தது, எல்லாவற்றையும் மனுவில் எழுதச் சொல்லுங்கள்.

இனி தேடுவது எப்படி என்று பார்ப்போம். போனில் இ-கோர்ட்ஸ் செயலியோ இணையதளமோ திறந்து மாநிலம், மாவட்டம், நீதிமன்ற வளாகம் தேர்ந்தெடுத்து, கட்சிக்காரர் பெயரில் தேடுங்கள். நிலுவை, முடிந்தவை இரண்டிலும் பாருங்கள். கிடைத்தால் சி.என்.ஆர். என்று 16 இலக்க எண் ஒன்று வரும். தமிழ்நாட்டு வழக்கென்றால் டி.என். என்ற எழுத்துகளில் தொடங்கும். அதை எழுதி வைத்துக்கொண்டால் பிறகு வேறு எதுவும் தேவையில்லை.

பெயரில் கிடைக்கவில்லையா? அப்படியானால் குற்ற எண் வேண்டும். ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆருக்குத் தருவது 'குற்ற எண் இத்தனை / 2012'. குற்றப்பத்திரிகை கோர்ட்டில் கோப்புக்கு எடுக்கப்பட்டதும் அது சி.சி. எண்ணாக, அதாவது கோர்ட் தரும் வழக்கு எண்ணாக மாறும். சின்ன வழக்கென்றால் எஸ்.டி.சி. (சுருக்கமாக விசாரிக்கும் வழக்கு), கொலை மாதிரி பெரிய வழக்கென்றால் முதலில் பி.ஆர்.சி. (நடுவர் கோர்ட்டின் முதற்கட்டப் பதிவு), பிறகு செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போய் எஸ்.சி. (செஷன்ஸ் கேஸ்). ஆண்டும் மாறலாம். 2012இல் பதிவான குற்றம் 2014ஆம் ஆண்டு சி.சி.யாக இருக்கும். 'கேஸ் நம்பர் 212 / 2012' என்று ஸ்டேஷன் எண்ணைச் சொல்லி கோர்ட்டில் கேட்டால், அதே எண்ணில் வேறு யாருடைய கேஸோதான் வந்து நிற்கும்.

இங்கே உங்களுக்கு உதவக்கூடிய ஆள் கோர்ட் போலீஸ். ஒவ்வொரு ஸ்டேஷனிலிருந்தும் கோர்ட் வேலைக்கென்று ஒரு காவலர் தினமும் வருவார். பெஞ்ச் கிளார்க் மேசைப் பக்கம், கையில் சம்மன் கட்டோடும் ஒரு நீள நோட்டோடும் நிற்பார். அந்த நோட்டில் குற்ற எண்ணுக்கு நேராக சி.சி. எண், அடுத்த வாய்தா, ஆள் நிலவரம் எல்லாம் இருக்கும். நிலைமை தெரியாமல் அப்பா போய் அவர் முன்னால் நிற்க வேண்டாம். வக்கீலோ அவருடைய குமாஸ்தாவோ கேட்கட்டும்.

அப்புறம் மாவட்டப் பிரிப்பு. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019இல். அதற்கு முந்தைய வழக்கைப் புது மாவட்டத்தில் தேடிக் கிடைக்காவிட்டால் பழைய மாவட்டத்திலும் தேடுங்கள். செஷன்ஸ் வழக்கென்றால் விழுப்புரத்தை விடவே விடாதீர்கள். தென்காசி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், செங்கல்பட்டு, மயிலாடுதுறைக்காரர்களுக்கும் இதே கதைதான்.

அண்ணே, என் ஆடுகளைத் திருடிவிட்டார்கள் என்று புகார் கொடுத்தேன். ஸ்டேஷனில் ஒரு ரசீது கொடுத்தார்கள். அதில் இருக்கும் எண்ணை எஃப்.ஐ.ஆர். பகுதியில் போட்டால் ஒன்றும் வரவில்லையே?

உங்கள் கையில் இருப்பது சி.எஸ்.ஆர். ரசீது. மனு வாங்கிக்கொண்டோம் என்பதற்கு அத்தாட்சி, அவ்வளவுதான். தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் சி.எஸ்.ஆர். நிலை பார்க்கத் தனி இடம் இருக்கிறது, அங்கே போட்டுப் பாருங்கள். ஆனால் திருட்டு என்பது பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம். எஃப்.ஐ.ஆர். போட்டாக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013இலேயே சொல்லிவிட்டது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் இது பிரிவு 173. எஃப்.ஐ.ஆர். நகலைப் புகார்தாரருக்குக் காசில்லாமல் தர வேண்டும் என்பதும் அதே பிரிவில்தான் இருக்கிறது. பதிய மறுத்தால் புகாரின் சாரத்தை எழுதி எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் பலனில்லை என்றால் நடுவர் நீதிமன்றத்தில் மனு போடலாம். தபால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள், கோர்ட்டில் முதலில் கேட்பது அதைத்தான்.

சார், என் தம்பி கிணற்றில் விழுந்து இறந்து ஒன்றரை வருடம் ஆகிறது. இன்சூரன்ஸ்காரர்கள் போலீஸ் இறுதி அறிக்கை கேட்கிறார்கள். ஸ்டேஷனில் 'கோர்ட்டுக்கு அனுப்பிவிட்டோம்' என்கிறார்கள். நடுவர் கோர்ட்டில் 'எங்களிடம் வரவில்லை' என்கிறார்கள். நாலு தடவை போய்விட்டேன்.

தங்கை, இந்த அலைச்சலைப் படிக்கும்போது மனசு கனக்கிறது, ஏனென்றால் நகல் பிரிவு ஜன்னலில் இதே கேள்வியோடு எத்தனையோ பேர் நின்றிருக்கிறார்கள். எஃப்.ஐ.ஆரை எடுத்து, எந்தப் பிரிவு என்று போட்ட இடத்தைப் பாருங்கள். 174 என்றோ, 2024 ஜூலைக்குப் பிறகானால் 194 என்றோ இருக்கிறதா? அது சந்தேக மரணம், விபத்து மரணம், தற்கொலை இவற்றை விசாரிக்கும் பிரிவு. குற்றம் என்று எதுவும் தெரியாதவரை அந்த அறிக்கை போவது கறுப்புக் கோட்டுப் போட்டவர்கள் வாதாடும் கோர்ட்டுக்கு இல்லை, வருவாய்த் துறையின் நிர்வாகத்துறை நடுவருக்கு. அதாவது ஆர்.டி.ஓ. அலுவலகமோ தாசில்தார் அலுவலகமோ. ஸ்டேஷனில் 'கோர்ட்' என்று சொன்னதும் நீங்கள் நடுவர் நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறீர்கள்.

ஸ்டேஷன் ரைட்டரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "இறுதி அறிக்கை எந்த அலுவலகத்துக்கு, எந்தத் தேதியில் அனுப்பினீர்கள்?" தேதி கிடைத்தால் அந்த அலுவலகத்தின் தபால் பதிவேட்டில் பிடித்துவிடலாம். வாய்மொழியாகச் சொல்ல மறுத்தால் அதையே தகவல் உரிமைச் சட்டத்தில் (ஆர்.டி.ஐ.) எழுதிக் கேளுங்கள். பிரேதப் பரிசோதனைச் சான்று, ரசாயனப் பரிசோதனை அறிக்கை வந்திருந்தால் அதுவும், சேர்த்துக் கேட்டுவிடுங்கள். பல நேரம் ரசாயன அறிக்கை வராமல்தான் இறுதி அறிக்கையே நிற்கும். அப்படியானால் அதை ஸ்டேஷனில் எழுத்தில் வாங்கி இன்சூரன்ஸ் கம்பெனிக்குக் கொடுங்கள். தாமதம் உங்களுடையது இல்லை என்று காட்ட அது உதவும்.

ஐயா, பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்திருக்கிறோம். பையன் மேல் ஏதாவது கேஸ் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பெற்றவர்கள் கேட்பதில் தப்பே இல்லை. இ-கோர்ட்ஸில் பெயர் போட்டுத் தேடலாம், அது பொதுவானதுதான். ஆனால் நிதானமாகப் பாருங்கள். ஒரு தாலுகாவில் எத்தனை முருகன், எத்தனை செல்வம்! அதனால் தகப்பனார் பெயர், ஊர், வயது மூன்றும் எஃப்.ஐ.ஆரோடு ஒத்துப்போனால்தான் அவர் இவர் என்று சொல்ல முடியும். பெயரை ஆங்கிலத்தில் எப்படி வேண்டுமானாலும் ஏற்றியிருப்பார்கள். 'சண்முகம்' என்பதற்கே நாலைந்து விதம் உண்டு. முழுப் பெயரும் போடாமல் முதல் நாலு எழுத்து மட்டும் போட்டு, வருடம் மாற்றி மாற்றித் தேடுங்கள்.

கிடைத்தால் கடைசி வரி வரை படியுங்கள். எஃப்.ஐ.ஆரில் பெயர் இருப்பதால் மட்டும் ஒருவர் குற்றவாளி ஆகிவிட மாட்டார். பங்காளிச் சண்டையில் வீட்டில் உள்ள எல்லார் பெயரையும், வெளியூரில் படித்துக்கொண்டிருந்த பையன் பெயரையும் சேர்த்து எழுதிக் கொடுப்பது எங்கள் பக்கம் சர்வ சாதாரணம். விடுதலையா, தண்டனையா, போலீஸே கைவிட்டதா என்று பாருங்கள். பையனிடமும் நேராகக் கேட்டுவிடுங்கள். 18 வயதுக்குள் நடந்த விஷயத்தைத் தோண்ட வேண்டாம். அந்தப் பதிவுகளை வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டம் பிரிவு 74 தடை செய்கிறது, அது சரியான தடை என்பதே என் கருத்து.

என் சித்தப்பா மகன் மேல் போக்சோ வழக்கு. எஃப்.ஐ.ஆர். இணையத்தில் இல்லை. மறைக்கிறார்களா?

இல்லை. எஃப்.ஐ.ஆரை 24 மணி நேரத்தில் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டபோதே பாலியல் குற்றம், போக்சோ, பயங்கரவாதம் போன்றவற்றுக்கு விலக்கு கொடுத்தது. குழந்தையின் அடையாளம் வெளியே தெரியக் கூடாது என்பதற்காக. குற்றம் சாட்டப்பட்டவருக்கு நகல் பெறும் உரிமை உண்டு. அவரோ அவர் வக்கீலோ கோர்ட்டில் மனு கொடுத்து வாங்கலாம். குற்றப்பத்திரிகை வந்த பிறகு வாக்குமூலங்கள் உட்பட எல்லா நகலும் இலவசமாகத் தருவார்கள். அந்தத் தாள்களைச் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடாதீர்கள். குழந்தையின் பெயர் வெளியே போனால் அது தனிக் குற்றம்.

போலீஸ் வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறேன். கல்லூரி நாட்களில் ஒரு கேஸ், விடுதலை ஆகிவிட்டேன். அதைச் சொல்ல வேண்டுமா? தீர்ப்பு நகல் எப்படி வாங்குவது?

கட்டாயம் சொல்லுங்கள் தம்பி. கேஸை விட அதை மறைத்ததுதான் பல பேருடைய வேலையைப் பறித்திருக்கிறது. விடுதலை என்றாலும் தீர்ப்பின் கடைசிப் பத்தியில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 'குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை' என்பதும் 'சந்தேகத்தின் பலனை அளித்து' என்பதும் வேலைக்கு எடுப்பவர்கள் கண்ணில் ஒன்றில்லை. அதனால் சான்றிட்ட நகல் கையில் இருக்க வேண்டும்.

நகல் மனுவில் கோர்ட் பெயர், சி.சி. எண், தீர்ப்புத் தேதி, எந்த ஆவணம் என்று தெளிவாக எழுதி, கோர்ட் கட்டண வில்லை ஒட்டிக் கொடுங்கள். உங்களுக்கு ஒரு நகல் மனு எண் தருவார்கள். நிறையப் பேர் கோட்டை விடுவது இதற்கு அப்புறம்தான். எத்தனை பக்கம் என்று கணக்குப் பார்த்து, இத்தனை முத்திரைத் தாள் கட்டுங்கள் என்று அறிவிப்புப் பலகையில் ஒரு பட்டியல் ஒட்டுவார்கள். யாரும் வீட்டுக்குத் தகவல் அனுப்ப மாட்டார்கள். குறித்த நாளுக்குள் கட்டாவிட்டால் மனு அடிபட்டுப் போகும், மறுபடி முதலிலிருந்து போட வேண்டும். பிளாஸ்டிக் பையில் சாப்பாட்டோடு ஐம்பது கிலோமீட்டர் பஸ்ஸில் வந்த ஒரு அம்மாவிடம், "உங்கள் மனு போன வாரமே அடிபட்டுவிட்டது" என்று நான் சொல்ல வேண்டி வந்தது. அவர் முகம் இன்றும் நினைவிருக்கிறது. வாரம் இரண்டு முறை பலகையைப் பார்க்க, கோர்ட் பக்கம் இருக்கும் ஒருவரிடம் சொல்லி வையுங்கள்.

வழக்கில் சம்பந்தப்படாத மூன்றாம் நபர் நகல் கேட்டால், எதற்கு வேண்டும் என்று காரணம் எழுதிய பிரமாணப் பத்திரமும் வேண்டும்.

கோர்ட் நகலை ஆர்.டி.ஐ.யில் கேட்கலாமா?

கோர்ட் ஆவணங்களுக்கு நகல் மனுதான் வழி. ஆர்.டி.ஐ.யைச் சுற்றுவழியாகப் பயன்படுத்த முடியாது என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஸ்டேஷன், எஸ்.பி. அலுவலக விவரங்களுக்கு 10 ரூபாய் கட்டணத்தில் ஆர்.டி.ஐ. போடலாம், 30 நாளில் பதில் வர வேண்டும். விசாரணை நடக்கும்போது பிரிவு 8(1)(எச்) காட்டி மறுப்பார்கள். வெறுமனே பிரிவைக் காட்டினால் போதாது, தகவல் கொடுத்தால் விசாரணை எப்படிக் கெடும் என்று காரணம் சொல்ல வேண்டும். அதையே மேல்முறையீட்டில் எழுதுங்கள்.

தாத்தா 1942இல் தேவகோட்டைப் பக்கம் கைதாகிச் சிறை போனவர் என்று பாட்டி சொல்வார். அந்த வழக்கின் தாள் ஒன்றாவது கிடைக்குமா ஐயா?

உங்கள் கேள்வியைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம், இதற்குத்தான் நான் அதிக நேரம் யோசித்தேன். வெள்ளையனே வெளியேறு போராட்டத்தின்போது, 1942 ஆகஸ்டில், தேவகோட்டை நீதிமன்றமே தீக்கிரையானது. அதற்கு முந்தைய கட்டுகளை அங்கே தேடிப் பயனில்லை. பிந்தைய கட்டுகளும் கால வரம்பு முடிந்ததும் அழிக்கப்பட்டிருக்கும், குற்ற வழக்குக் கட்டுகளை யாரும் எண்பது வருடம் வைத்திருப்பதில்லை.

ஆனால் தாத்தா போன பாதையில் வேறு தாள்கள் இருக்கும். ஒன்று, சிறை. அன்று சென்னை மாகாணக் கைதிகளைப் பெல்லாரிப் பக்கம் அலிப்புரம் வரைக்கும் அனுப்பினார்கள். பெல்லாரி பிறகு கர்நாடகத்துக்குப் போய்விட்டது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு, தியாகி பென்ஷன். பாட்டியோ தாத்தாவோ எப்போதாவது விண்ணப்பித்திருந்தால், சிறைச் சான்றோ உடன் சிறையில் இருந்தவரின் சான்றோ அந்தக் கோப்பில் கட்டாயம் இருக்கும். கலெக்டர் அலுவலகத்தில் கேளுங்கள். மாநில அரசு வெளியிட்ட தியாகிகள் விவரத் தொகுப்பிலும் பெயர் இருக்கிறதா பாருங்கள். மூன்று, எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். அந்தக் கால அரசாணைகளும், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மேலே போன ரகசிய அறிக்கைகளும் அங்கே உண்டு.

போவதற்கு முன் பாட்டியிடம் உட்கார்ந்து மூன்று விஷயம் எழுதிக்கொள்ளுங்கள்: தாத்தாவின் தகப்பனார் பெயர், அப்போதைய ஊர்ப் பெயர், கூடப் போன ஒருவரின் பெயர். தாத்தாவின் தாள் கிடைக்காவிட்டாலும், கூடப் போனவருடைய தாளில் அவர் பெயர் அடுத்த வரியில் இருக்கக்கூடும்.