ஸ்பிரிங் வாஷர் போட்டும் நட்டு கழல்வது ஏன்?

கேள்வி: பம்பு மோட்டாரின் அடித்தள போல்ட்டு ஒவ்வொன்றுக்கும் ஸ்பிரிங் வாஷர் போட்டிருக்கிறேன். ஆனாலும் கொஞ்ச நாளில் நட்டு கழன்றுவிடுகிறது. இரண்டு ஸ்பிரிங் வாஷராகப் போட்டால் நிற்குமா?

பதில்: நிற்காது, தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். போல்ட்டை இறுக்கும்போது அது கண்ணுக்குத் தெரியாத அளவு நீள்கிறது, நீண்டது திரும்பச் சுருங்கப் பார்க்கிறது, அந்த இழுவிசைதான் இரண்டு பாகங்களையும் சேர்த்து அமுக்கிப் பிடிக்கிறது. எம்10 அளவில் (மரை விட்டம் 10 மில்லிமீட்டர்) 8.8 கிரேடு (போல்ட்டின் வலிமையைக் குறிக்கும் எண்) போல்ட்டை முறையாக இறுக்கினால் சுமார் 25 கிலோநியூட்டன் கிடைக்கும், அதாவது இரண்டரை டன் எடைக்குச் சமம். ஓரிடத்தில் வெட்டி முறுக்கிய வளையமான ஸ்பிரிங் வாஷரைத் தட்டையாக்க இதில் ஒரு சிறு பங்கு போதும். தட்டையானபின் அது வெட்டுப்பட்ட ஒரு சாதாரண வளையம், அவ்வளவுதான். அது மறுபடி விரிந்து வேலை செய்ய வேண்டுமென்றால் போல்ட்டின் இறுக்கம் ஏறக்குறைய முழுவதும் போயிருக்க வேண்டும், அதற்குள் மோட்டார் ஆட ஆரம்பித்துவிடும்.

நட்டை அதிகம் கழற்றுவது பக்கவாட்டு அதிர்வு. இணைந்த பாகங்கள் ஒன்றின்மேல் ஒன்று கொஞ்சம் வழுக்கினாலும் மரையிலும் நட்டுக்கு அடியிலும் இருக்கிற உராய்வுப் பிடி அந்தக் கணத்தில் போய்விடுகிறது, நட்டு தானாகவே பின்னோக்கிச் சுழல்கிறது. இதை 1969-இல் கெர்ஹார்ட் யுங்கர் என்ற ஜெர்மன் பொறியாளர் சோதனையில் காட்டினார். அவர் பெயரிலேயே இருக்கிற அந்த அதிர்வுச் சோதனையில் ஸ்பிரிங் வாஷரால் பெரிய பயன் தெரிவதில்லை. ஸ்பிரிங் வாஷருக்கான டின் 127 என்ற ஜெர்மன் தரநிலையும் திரும்பப் பெறப்பட்டுவிட்டது. பழக்கத்தால் மட்டுமே இன்னும் எல்லா இடத்திலும் போடுகிறோம் என்பது என் கருத்து.

சரி, உங்கள் மோட்டாருக்கு என்ன செய்வது? முதலில் மோட்டாரின் கால் அடித்தளத்தில் சமமாக உட்கார்கிறதா பாருங்கள், இடைவெளி இருந்தால் தகடு வைத்துச் சரிசெய்யுங்கள். வாஷர் உட்காரும் இடத்தில் தடிமனான பெயிண்ட் இருந்தால் சுரண்டி எடுங்கள், அது நாளாக ஆக அமுங்கி இறுக்கத்தைத் தின்றுவிடும். அப்புறம் கெட்டியான பிளெய்ன் வாஷர் (சாதாரணத் தட்டை வளையம்) போட்டு, முறுக்கு விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் அந்த போல்ட்டுக்குச் சொன்ன அளவுக்கு இறுக்குங்கள். பாதிப் பிரச்சினை இதிலேயே தீர்ந்துவிடும்.

அதற்குமேலும் கழன்றால் வெட்ஜ் லாக் வாஷருக்குப் போங்கள். இது ஜோடியாக வரும். உள்பக்கம் சரிவான படிகள், வெளிப்பக்கம் பற்கள். படிகளின் சரிவு மரையின் சரிவைவிட அதிகம் என்பதால், நட்டு பின்னால் திரும்பப் பார்த்தால் படி மேலேறி போல்ட்டை இன்னும் இழுக்கும், அதனால் திரும்ப முடியாது. இரண்டின் படிப்பக்கமும் ஒன்றையொன்று பார்க்கும்படி வைக்க வேண்டும். அடியில் பிளெய்ன் வாஷர் போடக் கூடாது, பற்கள் அதைக் கவ்வி, எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தே சுழன்றுவிடும். நைலான் வளையம் வைத்த நட்டு, மரைக்குப் போடும் பசை, இரண்டும் கூட நல்ல வழிகள்தான்.

கேள்வி: பிளெய்ன் வாஷரை போல்ட்டுத் தலைக்கு அடியில் போடுவதா, நட்டுக்கு அடியிலா?

பதில்: எதைத் திருப்பி இறுக்குகிறீர்களோ அதற்கு அடியில் கட்டாயம். நாம் கொடுக்கிற முறுக்கு விசையில் சுமார் பாதி, சுழலும் முகத்தின் உராய்விலேயே போகிறது, மரையிலும் பெரும்பங்கு போய், போல்ட்டை இழுக்க மிஞ்சுவது பத்தில் ஒரு பங்கு அளவுதான். அந்த முகம் கரடுமுரடாகவோ மென்மையாகவோ இருந்தால் ஒரே முறுக்கு விசையில் ஒவ்வொரு போல்ட்டும் ஒவ்வொரு இறுக்கம் காட்டும். வழவழப்பான கெட்டி வாஷர் இந்த வித்தியாசத்தைக் குறைக்கிறது, இணைக்கும் பாகத்தையும் சுரண்டாமல் காக்கிறது.

ஓட்டையின் ஓரம் சரிவாகச் செதுக்கிய வாஷர் என்றால் சரிவுப் பக்கம் போல்ட்டுத் தலையைப் பார்க்கட்டும், தலைக்குக் கீழே இருக்கிற வளைவு அதில் முட்டாமல் உட்கார இடம் வேண்டும். இன்னொன்று, கடினத்தன்மை. 8.8 கிரேடு வரை 200 விக்கர்ஸ் (கடினத்தன்மையின் அளவு) வாஷர் போதும், 10.9-க்கு 300 வேண்டும். உயர்தர போல்ட்டுக்கு மென்மையான வாஷர் போட்டால் தலை அதில் புதைந்து இறுக்கம் குறையும், போல்ட்டைப் பார்த்தால் குறையே தெரியாது.

கேள்வி: மெல்லிய தகட்டிலும் நீள்துளையிலும் எந்த வாஷர்?

பதில்: மெல்லிய தகட்டுக்கும் ஃபைபர் பலகைக்கும் அகலமான வாஷர். எம்10-க்கு சாதாரண வாஷரின் வெளிவிட்டம் 20 மில்லிமீட்டர், அகல வகையில் 30. நீள்துளைக்கு அகலம் மட்டும் போதாது, தடிமனும் வேண்டும், இல்லாவிட்டால் வாஷர் துளைக்குள் வளைந்து இறங்கும். இரும்புச் சேனலின் உள்பக்கம் சரிவாக இருந்தால் அதே சரிவுள்ள டேப்பர் வாஷர் கட்டாயம், அதில்லாமல் இறுக்கினால் போல்ட்டு வளைந்து ஒரு பக்கமே எல்லாச் சுமையையும் தாங்கும்.

கேள்வி: எர்த் வயர் இணைப்பு, ஆயில் டிரெயின் பிளக் (எண்ணெய் வடிக்கும் துளையின் மூடி), இரண்டுக்கும் என்ன வாஷர் போடலாம்?

பதில்: எர்த்துக்கு ஸ்டார் வாஷர். அதன் பற்கள் பெயிண்டையும் துருவையும் கிழித்து உலோகத்தைத் தொடும், அதற்குத்தான் அது நல்லது, கழலாமல் காக்கும் என்று நம்ப வேண்டாம். சூடாகி ஆறும் பஸ்பார் (அதிக மின்சாரம் கடத்தும் உலோகப் பட்டை) மூட்டுகளுக்குக் கூம்பு வடிவ டிஸ்க் வாஷர் ஏற்றது. உலோகம் விரிந்து சுருங்கினாலும் அது இறுக்கத்தை ஓரளவு நிலையாக வைத்திருக்கும். ஒரே திசையில் இரண்டை அடுக்கினால் விசை இரட்டிப்பாகும், எதிரெதிராக அடுக்கினால் அமுங்கும் தூரம் இரட்டிப்பாகும்.

டிரெயின் பிளக்குக்குச் செம்பு அல்லது அலுமினிய வாஷர், முடிந்தால் ஒவ்வொரு முறையும் புதிது. ஒருமுறை அமுங்கிய செம்பு கெட்டிப்பட்டுவிடும், மறுபடி போட்டால் எண்ணெய் கசியும். கெட்டியான தட்டைச் செம்பு வாஷரைச் செக்கச்செவேலெனச் சூடாக்கி ஆறவிட்டால் மறுபடி மென்மையாகும், தண்ணீரில் முக்கினாலும் காற்றில் ஆறினாலும் செம்புக்கு ஒன்றுதான். உள்ளே காலியிடம் விட்டு மடித்த நசுங்கும் வகை வாஷருக்கு இந்த வித்தை செல்லாது, அதை மாற்றத்தான் வேண்டும்.