ஆழ்கடலில் நீரழுத்தத்தைக் கணக்கிட ‘10 மீட்டருக்கு 1 வளிமண்டலம்’ என்ற கணக்கு போதுமா?

தோராயமாகத் தெரிந்துகொள்ளப் போதும். கருவி வடிவமைக்கப் போதாது.

காரைக்குடியில் மேல்நிலை மாணவர்களுக்கு இயற்பியல் நடத்துபவன் நான். கடலில் நீர் ஏராளமாக இருப்பதால்தான் அங்கே அழுத்தம் அதிகம் என்று பலரும் நினைத்துக்கொண்டு வருகிறார்கள். அகன்ற ஊருணியில் நான்கு மீட்டர் ஆழத்தில் உள்ள அழுத்தமும், குறுகிய வீட்டுக் கிணற்றில் நீர்மட்டத்துக்கு நான்கு மீட்டர் கீழே உள்ள அழுத்தமும் ஒன்றேதான். அடர்த்தி, ஈர்ப்பு முடுக்கம், ஆழம் ஆகிய மூன்றையும் பெருக்கினால் நீரால் வரும் அழுத்தம் கிடைத்துவிடும். பரப்புக்கு அதில் இடமில்லை.

சிக்கல் அடர்த்தியில்தான். நீர் அமுங்காது என்று வைத்துக்கொண்டு, கன மீட்டருக்கு 1,025 கிலோ என்ற மேற்பரப்பு அடர்த்தியையே அடிவரை போட்டுவிடுகிறோம். ஆனால் 1,000 பார் (ஒரு பார் ஏறத்தாழ ஒரு வளிமண்டலம், அதாவது கடல்மட்டக் காற்றழுத்தம்) அழுத்தத்தில் குளிர்ந்த கடல்நீரின் அடர்த்தி 1,070 கிலோவை ஒட்டி வந்துவிடுகிறது.

யுனெஸ்கோ 1983இல் வெளியிட்ட கடல்நீர்ச் சூத்திரங்களில், சரிபார்ப்பதற்கென்றே ஓர் எண் உண்டு: 30 டிகிரி அட்சரேகையில், 10,000 டெசிபார், அதாவது 1,000 பார் அழுத்தம் உள்ள இடத்தின் ஆழம் 9,712.653 மீட்டர். அதே ஆழத்துக்கு 1,025, 9.8 என்ற எண்களைப் போட்டுப் பெருக்கினால் ஏறத்தாழ 976 பார்தான் வருகிறது. நீங்கள் கேட்ட வாய்க்கணக்கோ 971 வளிமண்டலம், அதாவது 984 பார் தருகிறது. பெருக்கல் கணக்கைவிட வாய்க்கணக்கு உண்மைக்கு நெருங்கி வருவது வேடிக்கைதான். உண்மையில் ஒரு வளிமண்டலத்துக்குச் சுமார் 10.08 மீட்டர் கடல்நீர் வேண்டும் என்பதால் அதில் ஏற்கெனவே இருக்கும் மிகை, அமுக்கத்தால் வரும் குறையை ஓரளவு ஈடுகட்டிவிடுகிறது.

கையாலேயே திருத்தம் செய்ய விரும்பினால், முதலில் கிடைத்த அழுத்தத்தை நீரின் பருமக் குணகத்தின் (அமுங்குவதை நீர் எவ்வளவு எதிர்க்கிறது என்று காட்டும் எண், சுமார் 22,000 பார்) இரு மடங்கால் வகுத்து, வரும் பின்னத்தின் அளவுக்கு விடையைக் கூட்டுங்கள். 976 பார் 997 ஆகிவிடும். எஞ்சிய குறைக்குப் பெருங்காரணம், ஆழத்து நீர் மேற்பரப்பு நீரைவிடக் குளிர்ந்தது என்பதே.

ஆய்வுக் கப்பல்களில் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: கடலில் இறக்கும் கருவி அழுத்தத்தை அளக்கிறது, உப்புத்தன்மை, வெப்பநிலை, அட்சரேகை ஆகியவற்றைக் கொண்டு ஆழம் பிறகு கணக்கிடப்படுகிறது. ஒரு டெசிபார் ஏறக்குறைய ஒரு மீட்டருக்குச் சமம் என்பதால் அந்த அலகே அவர்களுக்கு வசதி.

மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுசெல்வதற்காக உருவாக்கப்படும் நம் ‘மத்ஸ்யா 6000’ நீர்மூழ்கிக் கலத்துக்கு இதே கணக்கைப் போட்டால், எளிய பெருக்கல் 603 பார் என்கிறது. திருத்தியபின் 611 பார் வருகிறது. அந்த எட்டு பார் வேறுபாடு, அந்த மூவரும் அமரும் டைட்டேனியக் கோளத்தின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் கூடுதலாக எட்டு கிலோ எடை ஏறுவதற்கு ஒப்பாகும்.