ஜப்பானிய ஐடல் பாடகிகளில் உங்கள் மனதில் நிற்பவர் யார்? ஏன்?

யாமகுச்சி மொமொயே. வேறு பெயரே எனக்குத் தோன்றவில்லை.

ஐடல் என்றால் இளம் வயதிலேயே மேடைக்கு வந்து ரசிகர் கூட்டத்தைச் சேர்க்கும் நட்சத்திரம். ஜப்பானிய ஐடல் என்றதும் இன்று பலருக்கு ஒரே மாதிரி உடையில் வரிசையாக நின்று ஆடிப் பாடும் பெண்கள் குழுதான் ஞாபகம் வரும். மொமொயே அதற்கு வெகு முந்தியவர். 1973இல் பாட வந்தார், 1980இல் நிறுத்திவிட்டார். நிறுத்தும்போது வயது 21. ஜப்பானில் அவரைத் தெரியாத வீடு கிடையாது என்ற நிலையில் இருந்தபோது எடுத்த முடிவு அது. அதன் பிறகு எத்தனையோ பேர் அழைத்தும் மேடை ஏறவே இல்லை.

எனக்கு அவர் அறிமுகமான விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். தோக்கியோவுக்குத் தெற்கே யோகோசுகா என்ற துறைமுக ஊரில், முதியோர் பகல்நேரப் பராமரிப்பு இல்லம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். வாரம் ஒருநாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அங்கே கராஓகே உண்டு, பதிவு செய்த பின்னணி இசைக்கு மைக் பிடித்து நாமே பாடுவது. நான் சேர்ந்த புதிதில், கப்பல் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு தாத்தா, மெதுவாகப் போகும் பாட்டு ஒன்றைப் பாடினார். பாடி முடித்ததும் மைக்கை வாங்கக் கையை நீட்டினேன். அவர் தரவில்லை. ஒரு கையால் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, முழங்காலைக் கொஞ்சம் கொஞ்சமாக மடக்கி, மைக்கைத் தரையில் வைத்தார். சத்தமே இல்லாமல், தூங்கும் குழந்தையைப் பாயில் கிடத்துவது மாதிரி வைத்தார். எழுந்து, இடுப்பை வளைத்து வணங்கினார். விழுந்துவிடப் போகிறார் என்று பதறிக்கொண்டு நான் ஓடினேன். அறையில் இருந்த அத்தனை பேரும் கை தட்டினார்கள். ஒரு பாட்டி கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார்.

என்ன நடந்தது என்று எனக்கு விளங்கவில்லை. விளக்கம் நாலு பக்கமிருந்தும் ஒரே நேரத்தில் வந்தது. எல்லோர் வாயிலும் "மொமொயே-சான்". சான் என்பது பெயரோடு சேர்க்கும் மரியாதைச் சொல்.

1980 அக்டோபர் 5, தோக்கியோ நிப்பான் புதோகான் அரங்கில் அவருடைய கடைசிக் கச்சேரி. வெள்ளை உடை. கடைசிப் பாட்டு ‘சயோனாரா நோ முகோகாவா’, விடைபெறுதலுக்கு அப்பால் என்று பொருள். ரசிகர்களைப் பார்த்து, "என் பிடிவாதத்தைப் பொறுத்துக்கொண்டதற்கு நன்றி. நான் சந்தோஷமாக இருப்பேன்" என்றார். அழுதுகொண்டே பாடி முடித்தார். கையில் இருந்த வெள்ளை மைக்கை மேடை நடுவில் தரையில் வைத்தார். வணங்கினார், திரும்பிப் போனார். அந்தத் தாத்தா செய்து காட்டியது அதைத்தான்.

அன்று சாயங்காலமே அவரைப் பற்றித் தேட ஆரம்பித்தேன். இன்னும் நிறுத்தவில்லை.

1959 ஜனவரி 17ஆம் தேதி தோக்கியோவில் பிறந்தவர், வளர்ந்தது யோகோசுகாவில். அப்பா அவர்களோடு வாழவில்லை. அவருக்கு வேறு குடும்பம் இருந்தது. அம்மா வீட்டிலேயே கூலிக்குச் சில்லறை வேலைகள் செய்து இரண்டு மகள்களை வளர்த்தார். ஏழாம் வகுப்புக் கோடை விடுமுறையில் மொமொயே வீடு வீடாகப் பேப்பர் போட்டார். மேடான தெருக்களும் படிக்கட்டுகளும் நிறைந்த ஊர் இது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறினாலே எனக்கு மூச்சு வாங்கும்.

அந்தக் காலத்தில் நிப்பான் தொலைக்காட்சியில் ‘ஸ்டார் தஞ்ஜோ’ என்றொரு திறமைத் தேர்வு நிகழ்ச்சி வந்தது. சிறுமிகள் வரிசையாக வந்து பாடுவார்கள். இறுதிச் சுற்றில் இசைத்தட்டு நிறுவனங்களும் கலைஞர் மேலாண்மை நிறுவனங்களும் கீழே உட்கார்ந்திருக்கும். எங்களுக்கு இந்தப் பெண் வேண்டும் என்றால் நிறுவனப் பெயர் எழுதிய அட்டையைத் தூக்க வேண்டும். 13 வயதுப் பிள்ளை மேடையில் நின்று, தன்னை யார் கேட்கிறார்கள் என்று அட்டைகளைப் பார்த்துக்கொண்டிருக்கும் காட்சியை நினைத்தாலே எனக்கு நெஞ்சு கனக்கிறது. 1972 டிசம்பரில் மொமொயேவுக்கு 20 அட்டைகள் உயர்ந்தன. ஆனால் அந்த நிகழ்ச்சியின் நடுவர்களில் ஒருவர், புகழ்பெற்ற பாடலாசிரியர் அகு யூ, நாடகத்தில் யாருக்காவது தங்கையாக நடிக்கப் பொருத்தம், பாட்டை விட்டுவிடுவது நல்லது என்ற அர்த்தத்தில் சொன்னாராம். இதை மொமொயேவே பின்னால் எழுதியிருக்கிறார்.

முதல் பாட்டு 1973 மே மாதம் வந்தது, பெரிதாக எடுபடவில்லை. அதே மேடையிலிருந்து வந்த மோரி மசாகோ, சகுராதா ஜுன்கோ இருவரோடு சேர்த்து, ஒன்பதாம் வகுப்பு மூவர் என்று பத்திரிகைகள் பெயர் வைத்தன. மூவரில் பின்தங்கியவர் இவர்தான். அந்த ஆண்டின் சிறந்த புதுமுகப் பாடகி விருதும் ஜுன்கோவுக்குப் போனது.

அடுத்து இசைத்தட்டு நிறுவனம் எடுத்த வழி எனக்குப் பிடிக்காத பகுதி. 14, 15 வயதுப் பெண்ணிடம் இரட்டை அர்த்தம் தொனிக்கும் வரிகளைக் கொடுத்துப் பாட வைத்தார்கள். 1974இல் வந்த ‘ஹிதோநாட்சு நோ கெய்கென்’ என்ற பாட்டு, ஒரு பெண் தன்னிடமிருக்கும் மிக அரிய பொருளைக் காதலனுக்குக் கொடுப்பதாகப் போகும். ஜப்பான் முழுவதும் ஒலித்தது. அதற்குப் பிறகு எங்கே போனாலும் நிருபர்கள் சிரித்துக்கொண்டே ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "அந்த அரிய பொருள் என்னம்மா?" கேட்டவர்கள் அப்பா வயது ஆண்கள். அவரும் திரும்பத் திரும்ப ஒரே பதிலைச் சொன்னார்: "மகொகொரோ." உண்மையான மனசு என்று அர்த்தம். சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை.

இந்த இடத்தில்தான் நான் அவருக்கு ரசிகனானேன். கேட்டவர்கள் எதிர்பார்த்த வெட்கத்தையும் சிணுங்கலையும் அவர் கொடுக்கவே இல்லை. வாயில் வைத்த வரி அடுத்தவருடையது, பதில் தன்னுடையது என்ற தெளிவு அந்த வயதிலேயே இருந்திருக்கிறது. அடுத்து வந்த ஆறு வருடங்களையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். தன் பேச்சைத் தன் கைக்குக் கொண்டுவந்துகொண்டே போனார்.

1976இல் தனக்குப் பாட்டு எழுத யார் வேண்டும் என்று அவரே கேட்டார். ராக் இசைக்குழு நடத்திக்கொண்டிருந்த உஸாகி ரியூடோவைக் கேட்டார். ஐடல் பெண்கள் கொடுத்ததைப் பாடிய காலம் அது. உஸாகி இசையமைக்க, அவர் மனைவி அகி யோகோ வரிகள் எழுத, ‘யோகோசுகா ஸ்டோரி’ வந்தது. காதலன் மனம் விலகிவிட்டது என்பதை உணர்ந்துகொண்ட ஒரு பெண், கடல் தெரியும் மேட்டுத் தெருவில் அவனிடம் கேட்கும் பாட்டு. குரல் அப்படியே கீழே இறங்கிவிட்டது, கொஞ்சலே கிடையாது. தனிப்பாட்டாக வெளியான அவருடைய இசைத்தட்டுகளில் மிக அதிகம் விற்றது இதுதான். இந்த ஊர் யோகோசுகா சூஓ ரயில் நிலையத்தில் வண்டி வருவதை அறிவிக்க இன்றும் இந்த மெட்டைத்தான் போடுகிறார்கள். தினமும் காலையில் கேட்கிறேன், அலுக்கவில்லை.

அதே ஜோடி எழுதிய ‘ப்ளேபேக் பார்ட் 2’ 1978 மே மாதம் வந்தது. பெண் தனியாகச் சிவப்பு போர்ஷே ஓட்டிக்கொண்டு போகிறாள், வழியில் வம்புக்கு வருபவனைத் திட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறாள். என்எச்கே ஜப்பானின் பொதுச்சேவை ஒளிபரப்பு நிறுவனம், வணிகப் பெயர் கூடாது என்பதால் அங்கே "சிவப்புக் கார்" என்று மாற்றிப் பாடினார். அந்த வருடக் கடைசி நாளில் ஆண்கள் அணியும் பெண்கள் அணியும் போட்டியாகப் பாடும் என்எச்கேயின் கோஹாகு நிகழ்ச்சியில், பெண்கள் அணியின் கடைசிப் பாடகியாக இந்தப் பாட்டோடு நின்றார். மூத்த பாடகிகளுக்கே கிடைக்கும் இடம் அது. அவருக்கு 19 வயது.

நடுவில் 1977இல் ஸடா மசாஷி எழுதிக்கொடுத்த ‘காஸ்மோஸ்’. மறுநாள் கல்யாணமாகிப் போகப்போகும் மகள், திண்ணையில் அம்மாவோடு இருக்கிறாள். அம்மா பழைய ஆல்பத்தைப் புரட்டி அதே கதையை மறுபடி சொல்கிறாள். அவ்வளவுதான் பாட்டு. அப்பா இல்லாத வீட்டில் அம்மாவின் கையைப் பார்த்து வளர்ந்த பெண் பாடியதாலோ என்னவோ, இந்தப் பாட்டை நான் முழுதாகக் கேட்டு முடிக்கும்போதெல்லாம் ஊருக்குப் போன் போட்டுவிடுகிறேன். ஒரு பாட்டைத்தான் கேட்பேன் என்றால் இதைக் கேளுங்கள்.

சினிமாவும் கூடவே ஓடியது. நோபல் பரிசு பெற்ற கவபாதா யசுனாரியின் கதையிலிருந்து எடுத்த ‘இசு நோ ஒதொரிகோ’ 1974 டிசம்பரில் வந்தது. ஜோடி மியூரா தொமொகாசு. இருவரும் சேர்ந்து 12 படங்கள் நடித்தார்கள், கடைசிப் படமும் கவபாதா கதைதான். ‘அகாய்’ (சிவப்பு) என்று தொடங்கும் தலைப்புகளில் தொலைக்காட்சித் தொடர்கள் தனி. அதில் இரத்தப் புற்றுநோய் வந்த பெண்ணாக நடித்த தொடர் 1984இல் சீனாவில் ஒளிபரப்பாகி, அங்கே பெரிய அலையைக் கிளப்பியது. அவர் விலகி நான்கு வருடம் ஆகியிருந்தது.

1979 அக்டோபர் 20, ஒசாகா கச்சேரியில் பாட்டுக்கு நடுவே, "நான் விரும்புகிறவர் மியூரா தொமொகாசு" என்று ரசிகர்களிடம் அவரே சொன்னார். ஐடல் என்றால் காதல் இல்லாதவள் என்று விற்கப்பட்ட தொழில் இது. இன்றைக்கும் காதல் செய்தி வெளியானதும் கண்ணீரோடு மன்னிப்புக் கேட்கிற பெண்களைப் பார்க்கிறோம். அவர் மன்னிப்புக் கேட்கவில்லை, தகவலாகச் சொன்னார். அடுத்த மார்ச் 7ஆம் தேதி, திருமணத்தோடு முழுதாக விலகுகிறேன் என்று அறிவித்தார். செப்டம்பரில் ‘அஓய் தொகி’ என்ற தன்வரலாறு வந்தது. வேறு ஆள் எழுதிக்கொடுக்காமல் தானே எழுதியது, பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் போனது. பழைய புத்தகக் கடையில் 110 யென் கொடுத்து வாங்கி, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு மழைக்காலம் முழுக்கப் படித்தேன். தன் பிறப்பைப் பற்றியும் அப்பாவைப் பற்றியும் அவ்வளவு நேராக எழுதியிருக்கிறார். 21 வயதில் அந்த வாக்கியங்களை எழுத எத்தனை இரவு விழித்திருப்பார் என்று யோசித்தேன்.

நவம்பர் 19, தோக்கியோ ரெய்னான்சாகா தேவாலயத்தில் திருமணம்.

என்னோடு வேலை பார்க்கும் இளம்பெண்கள் சிலருக்கு இந்த முடிவில் உடன்பாடில்லை. "புருஷனுக்காகத் தொழிலை விட்டதை இவ்வளவு கொண்டாட வேண்டுமா?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. 1980 ஜப்பானில் பெண் கல்யாணமானதும் வேலையை விடுவது எழுதாத சட்டம். "பெண் என்றால் இப்படி இருக்க வேண்டும்" என்று அவரை உதாரணம் காட்டிய ஆண்களின் பாராட்டு எனக்கும் பிடிக்கவில்லை. அதே 1980 ஏப்ரலில் பாட வந்த இன்னொரு ஐடல் மட்சுதா செய்கோ 1985இல் கல்யாணம் செய்து, மறுவருடம் மகளைப் பெற்று, பிறகும் பாடினார். அதற்காக நிறைய ஏச்சும் வாங்கினார். அவரையும் நான் மதிக்கிறேன். மொமொயேவைப் பொறுத்தவரை, 13 வயதில் அட்டை தூக்கி எடுக்கப்பட்ட பெண், எப்போது இறங்குவது என்பதைத் தானே முடிவு செய்தார். அதை அவர் தியாகம் என்று சொல்லவில்லை, பிடிவாதம் என்று சொன்னார். அந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ளத்தான் எனக்கு மனம் வருகிறது.

விலகிய பிறகு பத்திரிகைக்காரர்கள் பல வருடம் துரத்தினார்கள். அவர் வாய் திறக்கவில்லை. இரண்டு மகன்கள், ஒருவர் பாடகர், ஒருவர் நடிகர். மொமொயே துணித்துண்டுகளைக் கையால் இணைத்துத் தைக்கும் க்வில்ட் கலையைக் கற்றுக்கொண்டார். தோக்கியோ டோமில் நடந்த சர்வதேச க்வில்ட் விழாவில் மியூரா மொமொயே என்ற பெயரில் அவர் தைத்தவை வைக்கப்பட்டன. 2019இல் அவற்றைத் தொகுத்து ஒரு புத்தகம் வந்தது. எங்கள் இல்லத்துக்கும் ஒரு பிரதி வாங்கினோம். பாட்டிகள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தையல் இடைவெளியை விரலால் அளந்து பார்க்கிறார்கள். "ஒரே சீராக இருக்கிறது, நிதானமான கை" என்றார் ஒருவர், தையல்காரியாக இருந்தவர்.

அந்தத் தாத்தாவிடம் ஒருநாள் கேட்டேன், கடைசிக் கச்சேரிக்குப் போனீர்களா என்று. டிக்கெட் கிடைக்கவில்லையாம். ஆனாலும் அந்த ஞாயிற்றுக்கிழமை ரயிலேறிப் போய், புதோகான் வெளியே அகழி ஓரத்தில் கூட்டத்தோடு நின்றிருக்கிறார். பாட்டு ஒன்றும் காதில் விழவில்லை, எல்லோரும் வெளியே வரும்போது முகங்களைப் பார்த்தேன் என்றார்.

இப்போது அவரால் முழங்காலை மடக்க முடிவதில்லை. பாடி முடித்ததும் மைக்கை என்னிடம் கொடுக்கிறார். நான் அதைத் தரையில் வைக்கிறேன். சத்தம் வரக் கூடாது என்பது அவர் சொல்லிக்கொடுத்தது. நான் எழுந்து ஒதுங்கி நின்றதும், அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு வணங்குகிறார்.