நாற்பது நிமிடத்தில் வந்தது

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். நீங்கள் முன்பு டிடிபி (கம்ப்யூட்டரில் அச்சுப் பக்கம் அமைக்கும்) வேலை பார்த்தவர் என்று உங்கள் கட்டுரை ஒன்றில் படித்தேன். அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

எனக்கு 28 வயது. மார்த்தாண்டத்தில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் ஏழு வருடமாக டிசைனர். கல்யாண பேனர், கோயில் கொடை, சர்ச் திருவிழா, அசன விருந்து நோட்டீஸ், கல்யாணக் கார்டு, விசிட்டிங் கார்டு எல்லாம் செய்வேன். சேர்ந்த புதிதில் படுக்கப்போகும்போதுகூட ஐடியா வரும். இப்போது புது ஃபைலைத் திறந்தால் வெள்ளையாகவே நிற்கிறது. டிசைன் படங்கள் குவிந்து கிடக்கும் பின்ட்ரஸ்ட் தளத்தை ஒரு மணி நேரம் பார்க்கிறேன். கடைசியில் ஏதாவது ஒன்றை எடுத்து அப்படியே தமிழில் மாற்றி வைக்கிறேன். அங்கே அழகாக இருந்தது, இங்கே இல்லை. ஏன் என்றும் தெரியவில்லை.

கடை வாசலில் 'டிசைன் இலவசம்' என்று போர்டு இருக்கிறது. அதை டிசைன் செய்ததும் நான்தான். ஒரு நாளைக்குப் பத்து, பன்னிரண்டு வேலை. வருகிறவர்கள் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, 'எனக்க பேரைக் கொஞ்சம்கூடப் பெருசா போடு மக்கா' என்பார்கள். ராத்திரியும் நிம்மதி கிடையாது. போன மாதம் வீட்டுக்கு வந்து சாப்பிட உட்காரும்போது முதலாளி கூப்பிட்டு, ஒரு பாட்டி இறந்துவிட்டார், விடியும்முன் அஞ்சலி போர்டு வேண்டும் என்றார். ஆதார் அட்டைப் படம்தான் இருந்தது. பேரனிடம் கல்யாண ஆல்பம் ஏதாவது கிடந்தால் கொண்டுவரச் சொன்னேன். அதில் ஒரு படத்தில் பந்தியில் பாயச வாளியோடு சிரித்துக்கொண்டு நிற்கிறார். அதை வெட்டி எடுத்து, பேரும் தேதியும் மட்டும் போட்டு நாற்பது நிமிடத்தில் முடித்துக் கொடுத்தேன். யாரும் திருத்தம்கூடச் சொல்லவில்லை. இந்த மாதிரிக் கழுத்தறுப்பு வேலைகளிலேயே காலம் போகிறது.

எங்கே போய் எதைப் பார்த்தால் மறுபடி ஐடியா வரும்? பெங்களூருக்குப் போய்விடலாமா? ஏஐ வந்த பிறகு இந்த வேலை நிலைக்குமா?

பெயர் வேண்டாம்.
குழித்துறை

*

அன்புள்ள தம்பி,

கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். இரண்டாவது தடவை அந்தப் பாட்டி வரும் இடத்துக்காக மட்டும்.

கழுத்தறுப்பு வேலை என்று போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள். கடிதம் முழுக்கப் பின்ட்ரஸ்ட் பார்க்காமல் செய்த வேலை அது ஒன்றுதான். ஆதார் படத்தையே ஊதிப் பெரிதாக்கி, பின்னால் மேகம், இரண்டு புறா, ஒரு குத்துவிளக்கு என்று ஒப்பேற்றியிருக்கலாம். எத்தனை போர்டு அப்படி நிற்கிறது! பசியோடு உட்கார்ந்து ஆல்பம் கேட்டிருக்கிறீர்கள். யார் பார்ப்பார்கள் என்று தெரியும், அந்தத் தெருக்காரர்கள். எங்கே நின்று பார்ப்பார்கள் என்றும் தெரியும், பந்தல் காலுக்கும் செருப்பைக் கழற்றும் இடத்துக்கும் நடுவே, பதினைந்து அடிக்குள். பார்த்ததும் 'ஆமா, இவியதான்' என்று தோன்ற வேண்டும். இவ்வளவும் கையில் இருந்ததால் நாற்பது நிமிடம் போதுமாக இருந்தது. மற்ற வேலைகளில் இது எதுவும் தெரியாமலே ஃபைலைத் திறக்கிறீர்கள். வெள்ளையாக நிற்காமல் என்ன செய்யும்?

பின்ட்ரஸ்ட்டில் கிடப்பதெல்லாம் விடைகள். கேள்வித்தாளை யாரும் அங்கே போட்டு வைப்பதில்லை. பார்க்காதீர்கள் என்று சொல்லவில்லை, நானும் பார்ப்பேன். ஆனால் வேலை தொடங்கும்முன் பார்த்தால் அது உங்கள் கையைப் பிடித்துக்கொள்ளும்.

அங்கே அழகாக இருந்தது இங்கே ஏன் இல்லை என்று கேட்டீர்களே, அதற்கு நேரான காரணம் ஒன்று உண்டு. அந்த லேஅவுட்கள் ஆங்கில எழுத்தை வைத்துப் போட்டவை. ஆங்கிலத்தில் கேப்பிட்டல் எழுத்துகள் ஒரே உயரத்தில் வரிசையாக நிற்கும். இடையே கொஞ்சம் இடம் விட்டு அகலப்படுத்தினால் பணக்காரக் களை வந்துவிடும். தமிழில் அதைச் செய்தால் 'கொ'வின் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகப் போய்விடும். நமக்குக் கேப்பிட்டல் கிடையாது. 'கி'யின் மேல்விலங்கு மேலே ஏறும், 'மூ' கீழே இறங்கும், வரியை நெருக்கினால் இரண்டும் முட்டிக்கொள்ளும். 'ஸேவ் த டேட்' என்று அவர்கள் மூன்று குட்டிச் சொல்லில் முடித்துவிடுவார்கள். நம் 'திருநிறைச்செல்வன்' ஒரே சொல்லில் ஒன்பது எழுத்து. அவர்கள் சட்டையில் நம் ஆளை நுழைத்தால் பித்தான் தெறிக்கத்தான் செய்யும். வரிக்கு வரி இடம் தாராளமாக விடுங்கள், எழுத்துக்கு எழுத்து இடத்தைத் தொடாதீர்கள். எது முக்கியம் என்பதைத் தடிமனாலும் அளவாலும் சுற்றிலும் விடும் வெற்றிடத்தாலும் காட்டுங்கள். ஓவியர் கே.எம். ஆதிமூலம் (1938–2008) பத்திரிகைகளுக்கும் புத்தகங்களுக்கும் எழுதிக் கொடுத்த தலைப்பெழுத்துகளைத் தேடிப் பாருங்கள். தமிழ் எழுத்தின் வளைவையே படமாக்கிய கை அது. வீட்டில் தாத்தா காலத்துக் கல்யாணப் பத்திரிகை கிடந்தால் அதையும் எடுங்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தையதென்றால் 'லை'யும் 'ணை'யும் யானைத் துதிக்கை மாதிரி வளைந்திருக்கும். நம்மூர்ப் பத்திரிகை என்பதால் மலையாள நாட்காட்டியின் கொல்லம் ஆண்டுகூட இருக்கலாம்.

எங்கே போய்ப் பார்ப்பது? நாகர்கோவில் பக்கத்துத் தோவாளைக்குப் போங்கள். பூ மார்க்கெட்டை விட்டுவிடுங்கள், அதை எல்லாரும் போட்டோ எடுத்துவிட்டார்கள். மாணிக்கமாலை கட்டும் வீட்டுத் திண்ணைக்குப் போங்கள். 2025-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பேப்பரில் பார்த்திருப்பீர்கள், கட்டுவதைப் பார்த்திருக்க மாட்டீர்கள். வெள்ளை அரளி, சிவப்பு அரளி, நொச்சி இலை, நார். சாமான் அவ்வளவுதான். இதழைப் பெருவிரலால் மடித்து ஒரு சின்னக் கட்டமாக்கிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு அது பூ மாதிரியே இருப்பதில்லை. கட்டத்துக்குப் பக்கத்தில் கட்டம் வைத்து நாரில் இறுக்க, பாய் பின்னுவது போலத் தட்டையாக மாலை வளர்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் கல் பதித்த நகை. நான் போன அன்று கட்டிக்கொண்டிருந்த அம்மா ஒரு வரிசையில் பாதி தாண்டியபின் சட்டென்று நிறுத்தினார். நாலு வரிசைக்கு முன்னால் ஒரு சிவப்பு இடம் மாறியிருந்தது. எனக்குக் காட்டிய பிறகும் தெரியவில்லை. அவர் ஒன்றும் பேசாமல் அதுவரைக்கும் பிரித்துவிட்டு மறுபடி கட்டினார். மூன்று நிறம், ஒரு கட்டம், நிறத்தோடு நிறம் கரையும் கிரேடியன்ட் இல்லை, நிழல் போடும் டிராப் ஷேடோ இல்லை, செய்ததை அழித்துப் பின்னால் போகும் கண்ட்ரோல் இசட்டும் இல்லை. ஒரு மணி நேரம் அங்கே உட்கார்ந்துவிட்டு வந்து உங்கள் கல்யாண பேனர் ஃபைலைத் திறந்து பாருங்கள், எத்தனை நிறம் போட்டிருக்கிறீர்கள் என்று எண்ணத் தோன்றும்.

கல்யாணக் கார்டு எல்லாம் ஒரே மாதிரி ஆகிவிடுகிறது என்ற அலுப்பு இருந்தால் பத்மநாபபுரம் அரண்மனைக்கு ஒரு நடை. (திங்கள்கிழமை போய்விடாதீர்கள், விடுமுறை. இடம் நம் கன்னியாகுமரி மாவட்டம், நிர்வாகம் கேரளத் தொல்லியல் துறை.) பூமுகம் என்னும் முகப்பு மண்டபத்தின் மரக்கூரையில் 90 வகைப் பூக்கள் செதுக்கியிருக்கிறார்கள் என்பார்கள். அந்தத் தச்சர்களுக்கும் பூ, பூ, மறுபடி பூ என்பதுதான் வேலை. எழுபதாவது பூவுக்கு உளியை எடுக்கும்போது என்ன நினைத்திருப்பார்கள் என்று நான் அங்கே அண்ணாந்து நின்று யோசித்திருக்கிறேன். கழுத்து வலித்ததுதான் மிச்சம். பூ மட்டும் நன்றாக இருக்கிறது.

இன்னொரு இடம் உங்கள் கடைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே நின்று நீங்கள் செய்த போர்டையே பாருங்கள். போர்டு எழுதுகிறவர்களிடம் பழைய கணக்கு ஒன்று உண்டு, பத்தடித் தூரத்துக்கு ஒரு அங்குல உயர எழுத்து. நூறடிக்குப் பத்து அங்குலம். சுழியும் வளைவும் அதிகம் என்பதால் தமிழுக்கு அதைவிடக் கொஞ்சம் கூட்டித்தான் வைக்க வேண்டும். மானிட்டருக்கு இரண்டடியில் உட்கார்ந்து பார்த்தால் எல்லாமே வாசிக்கும்படிதான் இருக்கும், ஏமாற்றுவது அதுதான். 'எனக்க பேரைப் பெருசா போடு' என்பவரை நானும் திட்டியிருக்கிறேன். போன தடவை அவர் பெயரை யாரும் வாசிக்கவில்லை என்பதுதான் அவர் மனக்குறை என்று ரொம்ப நாள் கழித்துப் புரிந்தது. அடுத்த முறை வாதாடாமல் ஜூமைக் குறைத்து, போர்டைத் தீப்பெட்டி அளவில் ஸ்கிரீனில் காட்டுங்கள். முப்பது பெயரில் பத்தையாவது அவரே எடுக்கச் சொல்வார். தன் பெயரை எடுக்கச் சொல்ல மாட்டார், அது வேறு விஷயம்.

சரி, இனி என் கதை ஒன்று. அப்போதெல்லாம் தமிழ் ஃபான்ட் ஆளுக்கொரு விதம். நம் கம்ப்யூட்டரில் அடித்ததை அச்சகத்தில் திறந்தால் கோழி கிண்டிய மாதிரி ஆங்கிலக் குறிகள் வரும். அதனால் எழுத்தையெல்லாம் கர்வ் ஆக்கித்தான் அனுப்புவோம். கர்வ் ஆக்கிவிட்டால் அது படம், பிறகு எழுத்தாகத் திருத்த முடியாது. 2003-இல் அப்படி நான் அனுப்பிய 600 கார்டில் மாப்பிள்ளை 'திருநிறைச்செல்வி' ஆகியிருந்தார். பழைய கார்டைக் காப்பி எடுத்துப் பெயரை மட்டும் மாற்றியதன் பலன். ப்ரூஃபை அவர்கள் வீட்டில் எட்டுப் பேர் பார்த்திருந்தார்கள். எட்டுப் பேரும் தன் பெயர் எத்தனையாவது இடத்தில் கிடக்கிறது என்பதை மட்டும் பார்த்திருக்கிறார்கள். மறு அச்சுச் செலவை மூன்று மாதம் என் சம்பளத்தில் பிடித்தார்கள். தப்பு என்னுடையது, பிடித்ததில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அன்று அது பதினாலாவது வேலை என்பதை யாரும் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தெரியவில்லை. ஐடியா வரவில்லை என்று நீங்கள் சொல்வதில் பாதி வெறும் தூக்கம்தான் என்று எனக்குச் சந்தேகம்.

சதுர அடிக்குக் காசு வாங்கும் கடையில் யோசிக்கிற நேரம் முதலாளிக்கு நஷ்டக் கணக்கு. அவரும் மெஷினுக்குத் தவணை கட்டுகிறவர், கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் 'டிசைன் இலவசம்' என்ற போர்டுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு பன்னிரண்டு வேலையிலும் கலை பிறக்க வேண்டும் என்று நினைத்தால் நோவு உங்களுக்குத்தான். பத்தை டெம்ப்ளேட்டில் ஓட்டுங்கள், அதில் ஒரு வெட்கமும் வேண்டாம். வாரத்துக்கு ஒன்றை மட்டும் எடுத்து, வந்தவரிடம் யார் பார்ப்பார்கள், எங்கே கட்டப்போகிறீர்கள் என்று கேட்டு, பாட்டிக்குச் செய்த மாதிரிச் செய்யுங்கள். வெளியே தனியாக எடுக்கும் வேலைகளுக்கு மட்டும் கறாராக இருங்கள். பாதிப் பணம் முன்பணம். திருத்தம் இரண்டு தடவை, மூன்றாவதிலிருந்து காசு. பெயர்களை அவர்களே வாட்ஸ்ஆப்பில் அடித்து அனுப்பட்டும், அச்சுக்குப் போகும்முன் 'ஓகே' என்று எழுத்தில் வரட்டும். போனில் பார்த்த பளீர்ப் பச்சை ஆஃப்செட் அச்சில் அப்படியே வராது, சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மையும் சேர்ந்தாலும் அந்த வெளிச்சம் கிடைக்காது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். கார்டு கைக்கு வந்தபின் சொன்னால் சாக்கு என்பார்கள்.

பெங்களூருக்குத் தாராளமாகப் போகலாம். சம்பளம் கூட, உங்கள் வேலையைப் பார்த்து நாலு வார்த்தை சொல்லும் ஆட்களும் கிடைப்பார்கள். அங்கே கேட்பது பெரும்பாலும் ஆப், வெப்சைட் வேலை, அதைக் கொஞ்சம் கற்றுக்கொண்டு போங்கள். ஐடியா கிடைக்கும் என்று மட்டும் போகாதீர்கள். ஒன்பதாவது மாடியில் உட்கார்ந்தாலும் அதே பின்ட்ரஸ்ட்தான்.

ஏஐ பற்றி எனக்குப் பெரிய பயமில்லை, பெரிய உற்சாகமும் இல்லை. மேகம், புறா, குத்துவிளக்கு போடும் வேலையை அது எடுத்துக்கொள்ளும், எடுத்துக்கொள்ளட்டும். தமிழ் எழுத்தை இன்னும் அடிக்கடி கொத்திப் போடுகிறது. அது சரியாகிவிடும். ராத்திரி பத்து மணிக்குப் பேரனிடம் ஆல்பம் கிடக்கிறதா என்று கேட்க இன்னும் கொஞ்ச நாள் உங்கள் மாதிரி ஆள் வேண்டியிருக்கும்.

வேறு கடைக்கோ ஊருக்கோ வேலைகளைக் காட்டும்போது அந்த அஞ்சலி போர்டையும் வையுங்கள், அந்த வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு. எனக்கும் அனுப்ப முடிந்தால் அனுப்புங்கள். பாயச வாளியை விட்டீர்களா, வெட்டிவிட்டீர்களா? கடிதத்தில் அதை மட்டும் எழுதவில்லை.